மகளுக்கு வீடு பார்த்த கதை

வீட்டைக் காலி செய்யச் சொன்னவர் நல்ல மனிதர்தான். மாடி ஏறி வந்தவர், நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சர், பிள்ளைய நான் குத்தம் சொல்லல. கீழ எங்க வீட்ல பிரஷர் மாத்திரை சாப்பிடுறாக. பாப்பா மேல குதிக்கிறப்பல்லாம் நெஞ்சு படபடங்குதுங்குறாக. முழுப்பரீட்சை லீவு முடியுறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கங்க."

நான் தலையாட்டினேன். அவர் பேசிக்கொண்டிருந்தபோதும் மகள் அவரைச் சுற்றி வட்டமடித்து ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மதுரைக்கு வடக்கே, புதூரையும் தாண்டி இருந்த ஒரு காலனியில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் டவுன் பஸ் கண்டக்டர். பிள்ளைகளின் இரைச்சலில் நானும் பஸ்ஸின் இரைச்சலில் அவரும் பகலைக் கழித்துவிட்டு வந்தால் கொஞ்சம் அமைதி வேண்டும் என்றுதான் அந்த இடத்தைப் பிடித்திருந்தோம். காக்கை கத்துவது கூட அங்கே தனியாகக் கேட்கும்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தண்ணீர்க் குழாயைக் கண்டால் திறந்துவிட்டு அது விழுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள், தன் கையையே கடித்துக்கொள்வாள். கதவு திறந்திருந்தால் போதும், போய்விடுவாள். அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது எங்கள் இருவருக்குமே அது புதுச் சொல். மருந்து மாத்திரை ஏதாவது எழுதித் தருவார் என்று காத்திருந்தோம். அவர் எழுதித் தரவில்லை. சின்ன அளவில் நடந்துகொண்டிருந்த ஒரு சிறப்புப் பள்ளிக்கு வழி சொன்னார்.

காலி செய்ய வேண்டும் என்ற செய்தி பரவியதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கணவரின் அண்ணன் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பியே வந்துவிட்டார். அவர்கள் குடும்பம் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். அண்ணன்தான் பாடுபட்டு முதன்முதலாகச் சொந்த நிலம் வாங்கியவர். அந்தப் பெருமை அவர் குரலில் எப்போதும் இருக்கும்.

"நம்ம ஊருக்குக் கொண்டாந்துரு தம்பி. நம்ம காடு கெடக்கு, ஓடட்டும். எம்புட்டு வேணும்னாலும் கத்தட்டும். யாரு கேக்கப்போறா?"

அவர் அன்பில் குறை இல்லை. பொங்கல் விடுமுறையில் போய்ச் சில நாள் தங்கிப் பார்த்தோம். சுற்றிலும் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள். பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டாலே மகள் அந்தத் திசையில் போனாள். அண்ணி தலைச்சுமையைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடிப்போய் அவளைத் தூக்கி வந்ததை ஒருநாள் பார்த்த பிறகு, நாங்கள் பையைக் கட்டிக்கொண்டு மதுரைக்குத் திரும்பினோம்.

எனக்கு வேறொரு ஆசை இருந்தது. பரவையில் எங்களுக்கு ஒரு சின்ன மனை உண்டு. அங்கே வீடு கட்டிவிட வேண்டும். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட். உள்ளே அவள் இஷ்டப்படி ஓடலாம், யாரும் எட்டிப்பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போது கூட அந்தச் சுவரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மகளையும் கணவர் மொபெட்டில் அங்கே அழைத்துப்போனார். மனையைச் சுற்றி அறுவடை முடிந்த வயல்கள். தூரத்தில் திண்டுக்கல் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மகள் அவருடைய ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல காத்து," என்றேன்.

"காத்து நல்லாத்தான் இருக்கு." ரோட்டுப் பக்கம் திரும்பினார். "நீ சொல்ற சுவத்துக்குள்ள இவளுக்கு யாரத் தெரியும்?"

"நம்மளத் தெரியும்ல."

"நம்மள மட்டுந்தான் தெரியும். ஒருநா கேட்டு தெறந்து கெடக்குது, இவ ரோட்டுக்குப் போயிட்டான்னு வையி. பாக்குறவனுக்கு இவ யாரு மகன்னு தெரியணும்ல? எனக்கு இவளத் தெரிஞ்ச தெரு வேணும்."

"தெரிஞ்சா ஏசுவாங்க."

"ஏசட்டும். ஏசுறவனுக்கும் அடையாளம் தெரிஞ்சிருக்கும்ல."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் மனதில் கட்டிய சுவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது.

வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் மகளையும் கூட்டிக்கொண்டுதான் போனார். புரோக்கருக்கு இது பிடிக்கவில்லை.

"பாப்பாவ வீட்ல விட்டுட்டு வாங்க சார். அட்வான்ஸ் குடுத்துக் குடி வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"அவளுக்குத்தான வீடு பாக்குறோம்," என்றார் இவர்.

கதவைத் திறந்தவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். "இவ எம்மக. பேச்சு வராது. கத்துவா, குதிப்பா. கதவு தெறந்திருந்தா ஓடிருவா. எல்லாத்தையும் யோசிச்சுச் சொல்லுங்க." கோரிப்பாளையம், சிம்மக்கல் என்று பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்கிற அதே குரலில் சொல்வார். அதில் வருத்தமும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்ப்பேன். அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். சில வீடுகளில் உடனே கதவு சாத்தப்பட்டது. சில வீடுகளில் மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு வீட்டில் மகள் வழியிலேயே அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அந்த வீட்டம்மாவுக்கு எங்களைப் பிடித்துவிட்டது. "பிள்ளைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று சாவியை எடுக்க எழுந்தவர், நடுவில் நின்று, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார். இவர் சொன்னார். "அவுகளக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அந்தம்மா திரும்ப உட்கார்ந்துகொண்டார். படி இறங்கும்போது இவர் மகள் விழித்துவிடாதபடி மெல்லப் பேசினார்.

"ரெண்டு கேள்விக்கும் ஒரே எடத்துல பதில் சொல்லியாச்சு. திரும்ப வரவேண்டிய வேல இல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

செல்லூர் வீட்டைப் பற்றிச் சொன்னவர் அவருடைய பஸ்ஸை ஓட்டிய டிரைவர். அந்தச் சந்துக்குள் நுழைந்ததுமே எனக்குத் தலை வலித்தது. இரண்டு பக்கமும் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் விசைத்தறிக் கூடங்கள். தடதடவென்ற ஓட்டம் தரையில் கால் வைத்தாலே உள்ளங்காலில் தெரிந்தது. சாயம் போட்ட நூல் கொடிகளில் காய்ந்துகொண்டிருந்தது. எதிரில் ஒரு சைக்கிள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும்.

"இங்கயா?" என்று கத்திக் கேட்டேன். மெதுவாகக் கேட்டால் அவருக்குக் கேட்காது.

அவர் மகளைக் காட்டினார். வெளியே போனால் எப்போதும் காதைப் பொத்தியிருக்கும் அவளுடைய இரண்டு கைகளும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டுச் சுவர் அருகே போய், உள்ளங்கையை அதில் பதித்து, கன்னத்தையும் வைத்துக்கொண்டு நின்றாள். தறி ஓடும் அதிர்வு அந்தச் சுவரில் இருந்தது. காலனியில் ஒவ்வொரு சத்தமும் தனியாக, எதிர்பாராமல் வந்து அவளை அடித்திருக்கிறது. இங்கே ஒரே சத்தம், விடாமல், ஒரே சீராக. அதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. அவர் அங்கே நின்ற இடத்திலேயே புரிந்துகொண்டார்.

அவள் கன்னம் வைத்த சுவருக்குரிய வீடுதான் வாடகைக்கு இருந்தது. வீட்டுக்கார அக்கா வெளியே வந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். தங்களுக்குள் அவர்கள் பாஷையிலும் எங்களிடம் நல்ல மதுரைத் தமிழிலும் பேசினார்கள். கீழே பின்கட்டில் அவருடைய வீட்டுக்காரர் தறி ஓட்டினார், மாடி எங்களுக்கு. இவர் வழக்கம்போல எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "கடிப்பாளா?"

"அவ கையத்தான் கடிச்சுக்குவா. மத்தவங்கள இல்ல."

"சரி. குழாயத் தெறந்து விடுவான்னு சொன்னீங்களே. மேல போற பைப்ப அடைக்கிற வால்வு எங்க அடுப்படில இருக்கு. நான் அடைச்சு வச்சுக்குறேன். வேணுங்கிறப்ப டீச்சர் ஒரு குரல் குடுக்கட்டும்."

அவர் கேட்காமலேயே இவர் எங்கள் ஊரையும் சாதியையும் சொன்னார். அக்கா கையை ஆட்டினார். "அத நான் கேக்கலண்ணே. தண்ணி ஒருநா விட்டு ஒருநாதான் வரும். அதத்தான் எப்படிச் சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் குடிபோனோம். சாமான்களை அடுக்கி முடிக்கவில்லை, அதற்குள் மறுநாள் காலை அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு மகளின் கையைப் பிடித்தார். "வா, நீயும் வா" என்றார் என்னிடம். அந்தத் தெருவில் ஒரு வீடு, ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினார். தையல் கடை, பரோட்டாக் கடை, மளிகைக் கடை, தறிக்கூடங்கள்.

"இவ எம்மக. பேச மாட்டா. தனியாப் போறதப் பாத்தீங்கன்னா கையப் பிடிச்சு இழுக்காதீங்கண்ணே, மெரண்டுருவா. முன்னாடி போயி நின்னுக்கங்க, அம்புட்டுத்தான். வேற பக்கம் திரும்பிருவா."

மகள் அவர் பேசும்போது பரோட்டாக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் நான் மறைத்ததையெல்லாம் இவர் தெருவுக்குச் சொல்லிக்கொண்டு போகிறாரே என்று முதல் சில வீடுகளில் கூனிக் குறுகினேன். தெரு முனைக்கு வந்தபோது என் முதுகு தானாக நிமிர்ந்திருந்தது. இனி யாரிடமும் சொல்வதற்குப் பாக்கி இல்லை என்பது அத்தனை நிம்மதியான விஷயம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எல்லாமே சுகமாக இருந்துவிடவில்லை. கரண்ட் போனால் தறிகள் ஒரேயடியாக நிற்கும். அந்த அமைதி அவளுக்குத் தாங்காது, அலறுவாள். கொஞ்ச நாளில் தெருவே அதைப் பழகிக்கொண்டது. பிற்பாடு எதிர் வீட்டில் குடிவந்த ஒருவர் என்ன சத்தம் என்று பதறி ஓடிவந்தபோது, தையல்காரர் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே, "கரண்ட் போச்சுல்ல, பாப்பா கேக்குது எங்க போச்சுன்னு. வந்துரும், உக்காருங்க" என்றார்.

சிறப்புப் பள்ளி மதியத்தோடு முடியும். நான் வர நாலரை மணி ஆகும். இவர் காலை ஷிப்ட்டாகக் கேட்டு வாங்கியும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது. அந்த நேரத்தை அக்கா தாமாகவே எடுத்துக்கொண்டார். "எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடுறப்ப இவளுக்கும் போடப்போறேன்" என்று சொன்னதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

குடிவந்து ஒரு வருடம் போல ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினேன். கீழ்க்கதவு திறந்து கிடந்தது. மகள் இல்லை. அக்காவும் கோயிலுக்குப் போயிருந்தார். செருப்புப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினேன். தெருவில் அன்று பாவு கட்டியிருந்தார்கள். கைத்தறிக்கான நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பசை போடுகிற வேலை அது. அந்த நூலின் ஓரமாகவே ஓடினேன்.

தையல் கடையிலிருந்து குரல் வந்தது. "அந்தப் பக்கம் டீச்சர். பயப்படாதீங்க, ஆளு கூட இருக்கு."

பரோட்டாக் கடையில், "இப்பத்தான் போச்சு. மாஸ்டரும் போயிருக்காரு" என்றார்கள்.

தெரு முனையில் திரும்பியதும் பார்த்தேன். என் மகள் கைகளை வீசிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாவு வேலையை விட்டுவிட்டு வந்த இரண்டு பெண்கள், மளிகைக் கடைக்காரர், கை நிறைய மைதா மாவோடு பரோட்டா மாஸ்டர். யாரும் அவளைத் தொடவில்லை. வைகைக் கரை ரோட்டுப் பக்கம் அவள் போகப் பார்த்திருக்கிறாள். அங்கே ஒருவர் போய் முன்னால் நின்றிருக்கிறார். அவள் திரும்பியிருக்கிறாள். அடுத்த சந்து முக்கில் இன்னொருவர். இப்படியே நின்று நின்று, அவளாகவே வீட்டுக்கு நடந்து வருவது போல அவளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் வருவது போல அத்தனை பேரும் நிதானமாக வந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் மிரளுவாள் என்று அடக்கிக்கொண்டு நானும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தேன்.

அன்று வேலை முடிந்து வந்தவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாஸ்டருக்கு மாவு காஞ்சு போயிருக்குமே" என்றார். பிறகு எழுந்து போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அவளுடைய முதல் சொல்லும் அந்த வீட்டில்தான் வந்தது. அவளுக்கு அப்போது எட்டு வயது நடந்துகொண்டிருந்தது. நான் பள்ளியிலிருந்து வந்தபோது அக்கா படிக்கட்டிலேயே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இவ தண்ணி கேட்டா."

"எப்படிக்கா? கையக் காட்டுனாளா?"

"வாயத் தொறந்து கேட்டா. ஆனா எங்க பாஷைல கேட்டுட்டா டீச்சர்." ஏதோ தவறு நடந்துவிட்டது போல அவர் குரல் தாழ்ந்தது. "நாங்க வீட்டுக்குள்ள பேசுறதுதான அவ காதுல விழுது."

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஒரு டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து டம்ளரைப் பார்த்தபடி, "பானி" என்றாள். கரகரப்பான சின்னக் குரல். என் மகளின் குரல் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சிறப்புப் பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், இரண்டு பாஷை வேண்டாம், குழப்பம் வரும் என்றார். இவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "கெடச்ச பாஷைல கேக்கட்டும். நம்ம கத்துக்குவோம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பெயர் பானிதான். கல்லுப்பட்டியிலிருந்து வந்த அண்ணன் கூடச் சாப்பிட உட்கார்ந்தால், "ஆத்தா, பெரியப்பாவுக்குப் பானி கொண்டா" என்பார். அவள் கொண்டுவந்து வைப்பாள்.

தெருவில் கோயில் திருவிழா வந்து குழாய் ஒலிபெருக்கி கட்டினால் மட்டும் எங்களால் அங்கே இருக்க முடியாது. அந்த நாட்களில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவோம். அண்ணன் தன் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தார். கேட்டதற்கு, "மாடு கண்ணு விழுந்துரக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

பரவை மனையை ஒருநாள் விற்றோம். செல்லூரில் அதே சந்தில், நாலு வீடு தள்ளி ஒரு பழைய வீடு விலைக்கு வந்தபோது நான்தான் முதலில் வாங்கிவிடலாம் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு மகள் பெரியவளானபோது, நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. அக்காவும் எதிர் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். மாதம்தோறும் என்ன செய்ய வேண்டும் என்பதை அவசரப்படாமல், சலிக்காமல், திரும்பத் திரும்பக் காட்டிக்கொடுத்தார்கள். தெருப் பையன்கள் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் தையல்காரரின் ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

இப்போதும் அவள் அதிகம் பேசுவதில்லை. சில சொற்கள் தமிழில், சில அக்காவின் பாஷையில். முனைக் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவாள். கடைக்காரர் மீதிச் சில்லறையை அவள் கையில் வைக்காமல் கல்லாவின் மேல் வைப்பார். தொட்டால் அவளுக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன்பு அக்காவின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைக்க வந்தபோது, அக்கா மகளையும் உட்காரவைத்து அவள் கையில் தனியாக ஒரு பத்திரிகை கொடுத்தார். மண்டபத்தில் எங்களுக்கு முதல் பந்தியில் ஓரத்து இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மகள் பட்டுப் பாவாடையில் வந்து உட்கார்ந்து, புளியோதரையை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பாட்டுக் கச்சேரி தொடங்கும் முன்பே எதிர் வீட்டுப் பெண் வந்து, "நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க இருந்து சாப்பிட்டு வாங்க" என்று அவளை வீட்டுக்கு அழைத்துப்போனார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மகள் பிறந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பந்தியில் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவில்லை. பாயசம் வந்தது. அவர் தன் இலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெதுவாச் சாப்பிடு," என்றார். "அவசரம் ஒண்ணுமில்ல."